ஷெட்டுக்குள் வந்த மார்கழி

வேலூர் எல்லப்பன் தெருவில், அண்ணன் வீட்டு கார் ஷெட்டில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ஃபேன் ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டுத் தான் மட்டும் வெந்துகொண்டிருந்த தாட்சாயணியின் பட்டறைக்குள், கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், மார்கழி மாதம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு அந்தத் தெருவில் இன்றைக்கும் ஒரே பதில்தான். வந்துச்சு, வந்ததை வெரட்டவா முடியும் என்பார்கள், விரட்டியதும் தாங்கள்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டு.

ஷெட் என்றால் மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் இரும்பு கேட், தலைக்கு மேலே தகரம். அண்ணன் ஏகாம்பரம் புதுக் கார் வாங்கிய ஜோரில் கட்டியது. முதல் கோடையிலேயே காரின் டேஷ்போர்டு அப்பளம் மாதிரி உப்பி வெடித்து, சீட்டில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, கடைசியில் கார் தெருக்கோடிப் புங்கமரத்தடிக்குக் குடிபோய்விட, கழுதை கூட எட்டிப் பார்க்காத அந்த ஷெட்டை, கல்யாணம் ஒத்துவராமல் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்த தங்கச்சிக்கு ஏகாம்பரம் பெருந்தன்மையாகக் கொடுத்தார். எழுதிக் கொடுக்கவில்லை, "இருந்துக்கோ, யாரு வேணாம்னா" என்று வாயால்தான் சொன்னார். தாட்சாயணி ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டக் கற்றுக்கொண்டவள். ஒரு காயில் சுற்றும் மிஷின், ஒரு பாய், ஒரு அடுப்பு, இவற்றோடு உள்ளே போனவள் பிறகு வெளியே வரவில்லை. அந்த ஷெட்தான் அவளுக்குத் தொழில், அதுதான் வீடு, மானம் மரியாதையும் அதுதான். அதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும், அண்ணி புனிதவதிக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும்.

வெயிலைத் தணிக்க அவள் செய்யாத வித்தை இல்லை. தகரத்துக்கு மேலே தென்னங்கீற்று போட்டாள், அணில்கள் குடும்பம் குடும்பமாக வந்து அதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போயின. சுண்ணாம்பு அடித்தாள், ஆடியில் ஒரு காற்று வந்து அதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையில் பொடியாகத் தூவிவிட்டுப் போனது. கோணிச் சாக்கை நனைத்து கேட்டில் கட்டித் தொங்கவிட்டாள், தண்ணீர் தெளித்த கை திரும்புவதற்குள் அது மொறமொறவென்று காய்ந்து நின்றது. ஒரு வட்டச் செயலாளரின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸைத் தேடிப் பிடித்து தகரத்துக்கு அடியில் கட்டினாள், வெயில் குறையவில்லை, கூடுதலாக அவர் மட்டும் நாள் முழுக்கக் கூப்பிய கையோடு அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ரிப்பேருக்கு வந்த ஃபேன்களை எல்லாம் ஒன்றாகச் சுழலவிட்டால் நாலா பக்கமும் அனல்தான் வந்தது. வேர்த்த கையில் காயில் கம்பி நழுவும், சுற்றின கணக்கு மறக்கும், அவிழ்த்து மறுபடி சுற்ற வேண்டும். இப்படியே பல கோடைகள் போனபின், யாரோ சொன்னார்கள் என்று, ஷெட்டின் பின்பக்கம் பூசணி விதை ஊன்றி, கொடியைத் தகரத்தின் மேலே ஏற்றிவிட்டாள். கொடி படர்ந்தது. இலை விரிந்து தகரத்தை மூடியது. ஊரே கருகிக் கிடந்த சித்திரைக் கடைசியில், என்ன நினைத்துக்கொண்டதோ, அந்தக் கொடி தலை நிறையப் பூத்தது.

மார்கழிக்குப் பூசணிப்பூ என்றால் உயிர். ஊரில் கோலத்து நடுவே சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகி வைக்கிற ஒரே மாதம் அதுதான். போன வருஷம் வந்துவிட்டுப் போகிற வழியில் எங்கோ கண்ணயர்ந்து பின்தங்கிவிட்ட மார்கழி, வெயிலில் தட்டுத்தடுமாறி வந்தபோது மஞ்சள் மஞ்சளாய்ப் பூசணிப்பூவைப் பார்த்து, நம்முடைய வீடு இதுதான் என்று உள்ளே நுழைந்துவிட்டது. காலையில் தாட்சாயணி கண் விழித்தபோது தகரத்திலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் புகை வந்தது. கேட்டைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள், சுட்டது. உள்ளே இழுத்தாள், சில்லிட்டது. சரி என்று போர்வையைப் போர்த்திக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

அந்த முதல் சில நாட்களைப் போல அவள் வாழ்க்கையில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கை வேர்க்கவில்லை, கம்பி நழுவவில்லை, கணக்குத் தப்பவில்லை. உள்ளே மார்கழியில் காயில் கட்டி, வார்னிஷில் முக்கி, வெளியே காம்பவுண்டு சுவரின் மேல் கத்திரி வெயிலில் வைத்தால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் வார்னிஷ் கல்லாக இறுகிக் கிடக்கும். கொடுத்து வைத்தவள் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள். அதுவரை யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை, அதனால் அவளே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள்.

முதலில் வந்தவள் அண்ணிதான். முருங்கைக்கீரை பறிக்க வந்தவள், கேட்டு வழியாக வந்த குளிரில் அப்படியே நின்றாள்.

"இன்னாடி இது, ஷெட்டுக்குள்ள பனி கொட்டுது?"

"மார்கழி வந்திருக்குது அண்ணி."

"மார்கழியா? மார்கழி வந்தா மொதல்ல வீட்டுக்கு வரணும். ஷெட்டுக்கு இன்னா வேலை அதுக்கு?" என்றாள் புனிதவதி, ஆச்சரியத்தில் அல்ல, கோபத்தில். உள்ளே வந்து பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, அந்தக் கோபம் ஆறுகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை.

சேதி தெருவில் பரவ வேறு யாரும் தேவைப்படவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள், அவர்களோடு மட்டன் கடைக்காரர் வந்தார், ரிடையர்டு தாசில்தார் ஒருவர் மப்ளரும் குரங்குக் குல்லாவும் மாட்டிக்கொண்டு, வீட்டிலிருந்து ஷெட் வரைக்கும் வெயிலில் அதே கோலத்தில் வேர்த்து வழிந்தபடி வந்தார். பெண்கள் காயில் கம்பிகளைக் காலால் ஒதுக்கிவிட்டு ஷெட்டுத் தரையில் கோலம் போட்டார்கள், தகரத்து மேலேயே பூசணிப்பூ இருக்கையில் போடாமல் விட முடியுமா. பஜனை கோஷ்டி கோவிந்தசாமி ஆர்மோனியப் பெட்டியோடு வந்து, மார்கழி என்றால் விடியற்காலையில் பாட வேண்டியது தன் கடமை என்றார். ஆனால் ஷெட்டுக்குள் எந்நேரமும் விடியற்காலையாகவே இருந்ததால் எப்போது நிறுத்துவது என்று கோஷ்டிக்குத் தெரியவில்லை, ஆளை மாற்றி ஆள் மாற்றி நாள் முழுக்கப் பாடினார்கள். பாடினால் பொங்கல் கொடுக்க வேண்டும், பொங்கல் என்றால் அடுப்பு வேண்டும், அடுப்பு தாட்சாயணியுடையது. ஊட்டிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்த புதுஜோடி ஒன்று அதை கேன்சல் செய்துவிட்டு வந்து ஃப்ளெக்ஸ் செயலாளருக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. கோடையில் மார்கழி வரலாமா கூடாதா என்று யாரும் கேட்கவில்லை, பொங்கலில் முந்திரி கம்மி என்றுதான் சண்டை வந்தது.

ஒவ்வொருவரும் வரவர தாட்சாயணி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தாள். "கொஞ்சம் தள்ளிக்கோ தாட்சா" என்று ஒருத்தி சொல்ல மிஷினை மூலைக்குத் தள்ளினாள். ஆர்மோனியத்துக்கு மூலைதான் தோது என்று கோவிந்தசாமி சொல்ல, இரும்பு கேட்டு ஓரத்துக்கு வந்தாள். கேட்டு ஓரத்தில் செருப்புகள் குவிய, மிஷினைத் தூக்கி வெளியே காம்பவுண்டு சுவரின் மேல் வைத்து, தலையில் ஈரத் துண்டோடு நின்றுகொண்டே காயில் கட்டினாள். தன்னுடைய ஷெட்டுக்குள் ஊரே போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்க, அதன் சொந்தக்காரி வெளியே கத்திரி வெயிலில் நிற்பதில் யாருக்கும் எந்தத் தப்பும் தெரியவில்லை. சொந்தக்காரி என்று யார் சொன்னது என்று கேட்கவும் ஒரு ஆள் அப்போது கிளம்பியிருந்தார்.

ஏகாம்பரத்துக்கு மகன் தீனதயாளனின் நிச்சயதார்த்தம் ஆரணிப் பெண்ணோடு கூடி வந்திருந்தது. பெண்வீட்டார் பட்டு வியாபாரம். ஏ.சி. ஹால் கேட்டார்கள், ஏ.சி. ஹாலின் வாடகையைக் கேட்டுவிட்டு வந்த ஏகாம்பரம் ஷெட்டுக்குள் ஒரு நடை நடந்தார், மூச்சை இழுத்து விட்டார், முடிவு செய்துவிட்டார்.

"தாட்சா, நிச்சயத்த ஷெட்டுலயே வெச்சுக்கலாம்னு இருக்கேன்."

"வெச்சுக்கோண்ணா. ஒருநாள்தான?"

"ஒருநாளுக்காவா பந்தல் போடுவாங்க? அப்புறம் கல்யாணம், சீமந்தம், ஊர்ல யார் கேட்டாலும் வாடகைக்கு விடலாம். குளுகுளு ஹால்னு போர்டு கூட எழுதச் சொல்லிட்டேன். நீ ஒண்ணு பண்ணு, மாடிப்படிக்குக் கீழ எடம் கெடக்குது பாரு, ஒன் சாமானை அங்க போட்டுக்க."

மாடிப்படிக்குக் கீழே தண்ணி மோட்டாரும் துடைப்பமும் இருந்தன. அவை போக மிச்ச இடத்தில் ஒரு ஆள் குந்தலாம், படுக்க முடியாது. தாட்சாயணி வெளியே மிஷினுக்குத் திரும்பிப் போனாள். அன்றைக்கு வெயிலில் நின்று காயில் கட்டும்போது முதல்முறையாக அவளுக்கு விளங்கியது. இத்தனை வருஷம் இந்த ஷெட்டுக்குக் காவல் இருந்தது அண்ணனின் பாசமும் இல்லை, அவள் அதிர்ஷ்டமும் இல்லை, இந்த வெயில்தான். எந்தச் சனியனை விரட்டக் கோணியும் கீற்றும் கட்டினாளோ அந்தச் சனியன்தான் கேட்டில் நின்று மற்ற சனியன்களை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனால் நிச்சயத்துக்கு நாள் குறிக்க வந்த ஜோசியர் மாசிலாமணி, ஷெட்டுக்குள் நுழைந்ததும் தும்மினார், பஞ்சாங்கத்தை மூடினார்.

"இங்க முடியாதுங்க. உள்ள மார்கழி நடக்குது. மார்கழில எவனாவது நிச்சயம் பண்ணுவானா?"

"வெளிய வைகாசி பொறக்கப் போவுதே?" என்றார் ஏகாம்பரம்.

"வெளிய வெச்சா வைகாசி. உள்ள வெச்சா மார்கழி. ஆகாதுன்னா ஆகாது, பெரிய எடத்துச் சம்பந்தம், நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்னத்தான் கேப்பாங்க."

ஷெட் முழுக்கப் போர்வைக்குள்ளிருந்து யோசித்தது. வாசலில் வைக்கலாமே என்றார் தாசில்தார். உள்ளே மார்கழி, வெளியே கத்திரி, நடுவாசலில் வைத்தால் இரண்டு பீடையும் சேர்ந்து பிடிக்கும் என்று ஜோசியர் அவர் வாயை அடைத்தார். அப்போதுதான், ஏ.சி. ஹால் வாடகையை மறுபடி நினைத்துப் பார்த்த ஏகாம்பரத்துக்கு அந்த யோசனை பிறந்தது. அவர் வாழ்க்கையில் சொந்தமாக யோசித்தது மிகக் குறைவு, இதை யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

"ஏன் சாமி, ஷெட்டுக்குள்ள போகி கொளுத்திட்டா?"

ஜோசியர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். போகி கொளுத்தினால் மார்கழி முடிந்தது. மறுநாள் தை. தையில் நிச்சயத்துக்கு என்ன தடை. தையிலும் குளிர் இருக்கத்தான் செய்யும். எல்லோருக்கும் சரியென்று பட்டது, இதுவரை தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டார்கள் கூட. ஏகாம்பரம் மட்டும் ஒரு சந்தேகத்துக்குத் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தார், ஷெட்டைப் பற்றி அவளுக்குத்தான் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"இன்னா தாட்சா சொல்றே? குளிரு நிக்குமா?"

தாட்சாயணிக்குத் தெரிந்திருந்தது. நேரத்துக்குக் கிளம்பாமல் பின்தங்கிவிட்ட ஒரு மாதத்தை எழுப்பி அனுப்பிவிட்டால், அதற்குப் பின்னாலிருக்கிற மாதங்கள் எல்லாம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள் போல ஓடத்தான் செய்யும். இதைச் சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. மாடிப்படி ஞாபகமும் வந்தது.

"தை மாசம் குளிராம இருக்குமாண்ணா?" என்றாள். இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பிறகு சொன்னாள், "சீரியல் லைட்டு போடக் கொடி இடிக்கும். நானே அறுத்துப் போடறேன்."

வேர்க்காத கையையும் நழுவாத கம்பியையும் அவள்தான் ஆசை ஆசையாய் அனுபவித்தவள், அதை அவளே அறுக்க வேண்டியிருந்தது. தகரத்தின் மேல் ஏறி, ஒவ்வொரு பூவாகத் தொட்டுப் பார்த்து, அரிவாளால் அடியில் ஒரு போடு போட்டாள். மேலே நின்று அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, கொடியைச் சுருட்டிக் கீழே தள்ளினாள்.

போகி, தீயணைப்பு நிலையத்துக்குத் தெரியாமல், ஜோராக நடந்தது. கத்திரி வெயிலில் உலகத்திலேயே வேறெங்கும் யாரும் நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்திருக்க மாட்டார்கள். பழைய பாய், பழைய முறம், கோணிச் சாக்கு, கூப்பிய கையோடு வட்டச் செயலாளர், கடைசியில் பூசணிக்கொடி, எல்லாம் எரிந்தன. சந்தடி சாக்கில் புனிதவதி காயில் மிஷினை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதுவும் பழசுதானே?"

"இரும்பு எரியாது அண்ணி. நீங்கதான் சுட்டுக்குவீங்க" என்று அதை வாங்கி மறுபடி காம்பவுண்டு சுவரின் மேல் வைத்தாள் தாட்சாயணி.

மறுநாள் காலை ஷெட்டில் தை பிறந்தது. பொங்கல் பொங்கியது. கரும்பு வாசனை எங்கிருந்தோ வந்தது. ஆரணியிலிருந்து வந்திறங்கிய சம்பந்திகள் பட்டும் சரிகையுமாக உள்ளே நுழைந்து, அடடா, சென்ட்ரலைஸ்டு ஏ.சி.யா என்று கேட்க, ஏகாம்பரம் அடக்கமாகச் சிரித்தார். தட்டுகள் வரிசையாக வந்தன. மாசிலாமணி லக்னப் பத்திரிகை எழுத உட்கார்ந்து, மங்களகரமான இன்ன வருஷம் தை மாதம் என்று எழுதி முடித்து அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் காது மடலில் ஒரு இதமான சூட்டை உணர்ந்து பேனாவை நிறுத்தினார். பனி நின்றிருந்தது. தையை அடித்துவிட்டு மாசி என்று எழுதினார். சம்பந்தியம்மா சால்வையைக் கழற்றி மடித்து வைத்தாள். ஜோசியர் தேதி போடக் குனிந்தபோது எங்கிருந்தோ சருகு பறந்து வந்து பத்திரிகையின் மேல் விழுந்தது. மாசியை அடித்துவிட்டுப் பங்குனி என்று எழுதினார், அவருடைய நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து பங்குனியும் அழிந்தது.

"இன்னா சாமி, எத்தினி வாட்டி அடிப்பீங்க?" என்றார் ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நானா அடிக்கறேன்? சித்திரை பொறந்துடுச்சுங்க. வருஷமே மாறிடுச்சு, மேல இருந்து திருப்பி எழுதணும்."

திருப்பி எழுத அவகாசம் இல்லை. கொடி இல்லாத, கீற்று இல்லாத, ஃப்ளெக்ஸ் கூட இல்லாத மொட்டைத் தகரத்தைக் கத்திரி கண்டுகொண்டது. இத்தனை நாள் வெளியே நிறுத்தி வைத்த வெயில் மொத்தமும் ஒரே அடியில் உள்ளே இறங்கியது. மாலைகள் வாடித் தொங்கின. கேக்கின் மேல் எழுதியிருந்த தீனதயாளன் பெயர் வழிந்து தட்டில் ஓடியது. மணப்பெண் முகத்தில் பூசியதெல்லாம் இறங்கி வர, அடியிலிருந்து இன்னும் அழகான ஒரு முகம் தெரிந்ததைத் தீனதயாளன் மட்டும் கவனித்தான். ஆரணிப் பெரியவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வெளிய வாங்கப்பா, வெந்துருவோம்" என்று ஓட, பின்னாலேயே எல்லோரும் ஓடினார்கள். தெருக்கோடிப் புங்கமரத்தடியில், கார் பானெட்டின் மேல் தட்டை வைத்து, சுபமாக நிச்சயம் முடிந்தது. அங்கே சுத்தமான வைகாசிதான் நடந்துகொண்டிருந்தது, ஜோசியருக்கு அடிக்காமல் எழுத முடிந்தது.

தாட்சாயணி ஷெட்டைக் கூட்டிப் பெருக்கினாள். மிஷினை நடுவில் கொண்டுவந்து வைத்தாள். உட்கார்ந்தவுடன் முதுகில் வேர்வை இறங்கியது. கம்பி நழுவியது. அவிழ்த்து மறுபடி சுற்றினாள். அந்தக் குளிரை நினைத்து மனசு அடித்துக்கொண்டது, அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கால் நீட்டினாள், யார் மேலும் படவில்லை.

அதற்குப் பிறகுதான் கூத்து. குளிருக்குப் பழகிப்போன தெரு வீட்டுக்குப் போய் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, இரவு பகலாக நிறுத்தாமல் ஓட்டியதில், வீட்டுக்கு வீடு காயில் புகைந்தது. சொல்லிவைத்த மாதிரி எல்லோரும் ஃபேனைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து, கேட்டுக்கு வெளியே, அனல் படாத தூரத்தில் நின்றார்கள். கோவிந்தசாமி ஒரு டேபிள் ஃபேனைக் கை நீட்டி உள்ளே தள்ளப் பார்த்தார்.

"வாசல்ல நின்னு குடுத்தா நான் வாங்கறதில்ல, ஆகாது" என்றாள் தாட்சாயணி. "உள்ள வந்து குடுங்க."

கோவிந்தசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து வைத்துவிட்டு ஓடினார். தாசில்தார் வந்து வைத்துவிட்டு ஓடினார். ஒவ்வொருவராக வந்து ஓடி, கடைசியில் ஏகாம்பரம் படுக்கையறை சீலிங் ஃபேனைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"ஒக்காருண்ணா. என்னான்னு பாத்துச் சொல்றேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார், துள்ளி எழுந்தார், துண்டைப் போட்டு மறுபடி உட்கார்ந்தார். தாட்சாயணி ஃபேனை மடியில் வைத்துத் துடைத்தாள். றெக்கையைத் துடைத்தாள், கொக்கியை மூடுகிற கப்பைத் துடைத்தாள், அதை மட்டும் இரண்டுமுறை துடைத்தாள். ஏகாம்பரத்தின் சட்டை முதுகோடு ஒட்டியது, மீசையிலிருந்து சொட்டியது.

"சீக்கிரம் பாரு தாட்சா."

"ஷெட்ட இன்னா பண்ணப் போறண்ணா? குளுகுளு ஹாலுன்னு போர்டு எழுதச் சொன்னியே?"

"ஹாலாவது மண்ணாவது" என்றார் ஏகாம்பரம், காலரைத் தூக்கி ஊதிக்கொண்டே. "நீயே வெச்சுக்கோ. ஒனக்குத்தான். எனக்கு இந்த எழவெடுத்த ஷெட்டு வேணாம்."

கேட்டுக்கு வெளியே தெருவே ஃபேனும் கையுமாக நின்று கொண்டிருந்தது. தாட்சாயணி துடைக்கிற துணியைக் கீழே வைத்தாள்.

"சத்தமா சொல்லுண்ணா. வெளிய நிக்கறவங்களுக்குக் கேக்கல."

ஏகாம்பரம் எழுந்து கேட்டுப் பக்கம் திரும்பி நின்று, ஷெட்டு தாட்சாயணிக்குத்தான், இனிமே நானோ என் பொண்டாட்டியோ இதுக்குள்ள கால் வெக்க மாட்டோம் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கூட்டத்தில் கடைசியில் மிக்ஸியோடு நின்றிருந்த புனிதவதிக்கும் அது கேட்டது. அதற்குப் பிறகுதான் தாட்சாயணி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.